சாவியைத் திருப்பக் கூடாது

பெட்ரோல் பங்க்கை விட்டு வெளியே வந்து பத்தடி கூடப் போயிருக்க மாட்டான், பக்கக் கண்ணாடியில் கண்ட காட்சியில் மாப்பிள்ளை சட்டென்று பிரேக்கை மிதித்தான். சற்றுமுன் அவனுடைய கார்டை வாங்கிய ஊழியர், பச்சைப் பிடி போட்ட குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த பங்க்கில் பச்சைப் பிடி என்றால் பெட்ரோல், கறுப்புப் பிடி என்றால் டீசல். இதுவோ டீசல் கார். போதாக்குறைக்கு, மாமனாருடைய கார்.

எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தப்பான எண்ணெய் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது, திருப்பினால் எஞ்சின் போச்சு என்று ஆபீஸ் கேன்டீனில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. அதைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. பங்க்கில் நின்ற நேரமெல்லாம் மனைவியோடு போனில் இருந்தான். அவள் வாங்க வேண்டிய சாமான்களை அடுக்கிக்கொண்டே போக, இவன் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தான். ஊழியர் கண்ணாடியைத் தட்டினார், இவன் கட்டைவிரலைக் காட்டினான், பின்னால் ஹாரன் அடித்தார்கள், கிளம்பிவிட்டான்.

மாமனார் கழுத்துச் சங்கிலியைக் கூட இரவல் கொடுப்பார், காரைக் கொடுக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்து, திரும்பி வரும்வரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் கார் மாப்பிள்ளைக்கே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூத்த மாப்பிள்ளைக்கு இதே பரீட்சை போன வருஷம் நடந்து, முதல் நாளே கேட் தூணோடு முடிந்துவிட்டது. இன்று சாயங்காலம் மாமனார் வருகிறார். முக்கால் டேங்க் இருந்ததை அதற்குள் முழுசாக நிரப்பி வைக்கத்தான் பங்க்குக்கே போயிருந்தான்.

நடுரோட்டில் காரை விட்டுவிட்டுப் போக முடியாமல், வழியில் போனவர்களைக் கெஞ்சி, அதை அடுத்த தெருவில் குடும்பத்தோடு தங்கியிருந்த மாமனார் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு, பங்க்குக்குத் திரும்ப ஓடினான். அதற்குள் ஷிப்ட் மாறி அந்த ஊழியர் போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை. புதிதாக வந்தவர் நல்ல மனிதர். டீசல் வெளிர் மஞ்சளாக இருக்கும், பெட்ரோலில் கொஞ்சம் ஆரஞ்சு அடிக்கும், கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தைரியம் சொன்னார். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் என்றும் சொல்லி, கொடுத்த தைரியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

டேங்கிலிருந்து எடுக்க ரப்பர் குழாய் வேண்டும். குடும்பத்தில் குழாய் வைத்திருந்தது சகலை ஒருவர்தான், அதாவது அந்த மூத்த மாப்பிள்ளை. கூப்பிட்ட கையோடு வந்துவிட்டார். முகத்தில் துக்கம், நடையில் துள்ளல்.

"கேஜைப் பார்த்தா எவ்வளவு ஊத்தினாங்கன்னு தெரியுமே?" என்றாள் மனைவி.

"அதுக்குச் சாவியத் திருப்பணும்." மாப்பிள்ளை சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

டேங்க் மூடி திறக்கவில்லை. மாப்பிள்ளை நெம்பினான், தட்டினான், கடைசியில் கும்பிட்டும் பார்த்தான்.

"சீட்டுக்கு அடியில லீவர் இருக்கு சகலை. இது கூடத் தெரியாதா?" என்று சகலை ஒரே இழுப்பில் திறந்தார். அந்தக் காரைக் கேட் வரைக்கும் ஓட்டிய அனுபவசாலி அவர்.

குழாயை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சினார். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. துப்பிவிட்டு, "டீசல் மாதிரிதான் இருக்கு" என்றார்.

"இதுக்கு முன்னாடி எப்பக் குடிச்சீங்க அத்தான்?" என்றாள் மனைவி. வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் கொடுத்தாள்.

பாட்டிலில் பிடித்ததைச் சகலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஆரஞ்சு, சந்தேகமே இல்லை, பெட்ரோல்தான் என்று தீர்ப்பு வந்தது. அப்போதுதான் மனைவி கவனித்தாள்: சகலையின் கண்ணாடி வெயில் பட்டால் பழுப்பாக மாறும் ரகம். கழற்றிவிட்டுப் பார்க்கச் சொன்னாள். கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பாட்டிலே தெரியவில்லை.

பங்க்குக்குப் போன் போட்டதில் இன்னொரு வழி கிடைத்தது. காகிதத்தில் ஒரு சொட்டு விட வேண்டும். பெட்ரோல் என்றால் காய்ந்து மறைந்துவிடும், டீசல் என்றால் கறை நிற்கும். சொட்டு விட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கறை அசையாமல் நின்றது. மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ரெண்டும் கலந்திருந்தாலும் கறை நிக்குமே சகலை" என்றார் சகலை. வந்த உயிர் வாசலோடு திரும்பிப் போனது.

மொத்தத்தையும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. இரண்டு கேன் நிரம்பின. பிறகு வாளி, குடம், குழந்தையின் குளியல் தொட்டி, கடைசியில் பிரஷர் குக்கர். வீடெல்லாம் டீசல் வாசம். மனைவி அடுப்பைப் பற்றவைக்கவே விடவில்லை. மதியம் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம். புது டீசல் வாங்கக் கேன் வேண்டும், கேன் இரண்டிலும் பழசு இருந்தது. அடியில் ஒரு சொட்டு தங்கினாலும் ஆபத்து என்று, டேங்கை எட்டுவதற்காகச் சகலை பின்சீட்டைக் கழற்றி முற்றத்தில் வைத்தார். மூன்று திருகாணிகள் எங்கோ உருண்டு போயின.

அந்த நேரத்தில்தான் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மாமனார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

காரை ஒரு சுற்று சுற்றினார். சீட்டைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார். மாப்பிள்ளை நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். சகலை நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

"அதுக்கப்புறம் சாவியத் திருப்பினீங்களா?"

"தொடக்கூட இல்ல மாமா. சட்டைப் பையிலதான் இருக்கு."

மாமனார் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

"நானா இருந்தா பதட்டத்துல ஸ்டார்ட் பண்ணியிருப்பேன். பொறுமையா இருந்து என் எஞ்சினக் காப்பாத்திட்டீங்க. கார் இனி உங்களுது, மாப்பிள்ளை."

சகலையின் முகம் டீசல் உறிஞ்சியபோது கூட அப்படிப் போகவில்லை. மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; தரையில் கால் பாவாமல், மாமனாருக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினான். அவசரத்தில் குடத்தில் மொள்ளப் போனவனை மனைவி பிடித்து நிறுத்தினாள்.

கேட்டில் சைக்கிள் மணி அடித்தது. காலையில் பார்த்த அதே பங்க் ஊழியர். அந்தக் காரையும் அது நிற்கும் வீட்டையும் அவருக்கு வருஷக்கணக்காகத் தெரியும். உள்ளே வந்து, வரிசையாக நின்ற பாத்திரங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, மாப்பிள்ளையிடம் கார்டை நீட்டினார்.

"டேங்க் மூடியத் திறந்து விடுங்கன்னு கண்ணாடியத் தட்டினேன், நீங்க கட்டைவிரலக் காட்டிட்டுப் போயிட்டீங்க, நானும் பின்னால நின்ன ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடப் போயிட்டேன், உங்க வண்டிக்குத்தான் ஒரு சொட்டு கூட ஊத்தலையே சார்."