ஜீப்பை முந்திய கொண்டையூசி

ஓட்டப்பந்தயத்தில் பாதியில் நின்றுவிட்டு அதற்குக் காரணம் சொல்வதில் கொண்டையூசி அண்ணனை அடித்துக்கொள்ள இந்தியாவிலேயே ஆள் கிடையாது. ஓடுவதிலும் ஒரு காலத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாதுதான். ஆனால் ஓடுகிறவர்கள் வருவார்கள், போவார்கள். கடற்கரை நகரம் ஒன்றில் நடந்த மாரத்தானில் பாதியில் நின்று, மைக்கை நீட்டிய டிவிக்காரரிடம், "காத்துல உப்பு சாஸ்தி தம்பி, வாயெல்லாம் கரிச்சுச்சு. ஒடனே சோறு திங்கணும்போல ஆயிருச்சு" என்று கூசாமல் சொல்ல இன்னொருவர் பிறந்துதான் வர வேண்டும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. பரிசுக் கோப்பைகளில் அதைத்தான் பொறித்திருப்பார்கள். போடிநாயக்கனூரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே முழிப்பார். அண்ணன் தூரத்தை அளப்பது கிலோமீட்டரில் அல்ல. போடிமெட்டு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கிற தூரம்தான் அவருக்குக் கணக்கு. "பஸ் ஸ்டாண்டு எம்புட்டு தூரம்ணே?" என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "இந்தா, முக்கா கொண்டையூசி" என்பார். கேட்டவர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போவார்.

அவருக்கு நடக்க வராது. சொந்தத்தில் யாராவது இறந்தால், ஊர்வலம் வருவதற்கு வெகுநேரம் முன்பே சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்து மரநிழலில் உட்கார்ந்திருப்பார். ராசிங்காபுரத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று, வேனில் வந்த சொந்தங்கள் ஊர் எல்லையைத் தொடுவதற்குள் இவர் ஓடிப்போய்க் கேசரியைத் தின்று, பெண்ணிடம் சம்மதமும் வாங்கி, எதிரே ஓடிவந்து வேனை மறித்து, "முடிஞ்சிருச்சு, வண்டியத் திருப்புங்க" என்றாராம். இதில் கேசரி மட்டும்தான் நிஜம் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வெளிநாட்டுக்காரர்கள் ஓடிய ஒரு பெரிய மாரத்தானில் முதன்முதலாகப் பதக்கம் வாங்கிவந்தபோது ஊரே கூடி ஊர்வலம் ஏற்பாடு செய்தது. திறந்த ஜீப்பில் ஏறி நிற்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று ஜீப்புக்கு முன்னால் ஓடினார். மேளக்காரர்கள் இரண்டு தெரு வரை தாக்குப்பிடித்து, மூச்சு வாங்கி ஒரு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது மேடையில் இன்னும் மாலை கட்டிக்கொண்டிருந்தவர் பாதி மாலையோடு எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

நான் அப்போது மலைக்கு மேலே, கேரளப் பக்கத்தில், ஓர் ஏலத்தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு தினமும் காலையில் முருகேசன் ஜீப்பில் போவேன். ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவோம் என்று கேட்காதீர்கள். சட்டம் தெரிந்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மா அக்கா உட்கார்ந்திருக்கும். முருகேசன் ஜீப்பில் ஹாரன் வேலை செய்யாது. அக்கா இருந்ததால் அது தேவைப்படவும் இல்லை.

அண்ணனின் தினசரிப் பயிற்சியே எங்கள் ஜீப்போடு போட்டி போடுவதுதான். ஜீப்பு போடியில் புறப்படும் நேரத்துக்கு அவர் மலையடிவாரத்து முந்தலிலிருந்து ஓடத் தொடங்குவார். நாங்கள் முந்தலுக்கு வந்து, சாமிக்கு ஒரு சூடம் கொளுத்தி, அங்கே நிற்கிற ஆட்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு மலையேறுவதற்குள் அவர் பல வளைவுகள் மேலே போயிருப்பார். போடிமெட்டு டீக்கடைக்கு யார் முதலில் போய்ச் சேருவது என்பதுதான் போட்டி. நாங்கள் முக்கி முனகி மேலே போய்ச் சேரும்போது அவர் கையில் டீ கிளாசோடு நிற்பார். "என்னா முருகேசா, வழியில தூங்கிட்டியா?" என்பார். தோற்ற ஜீப்பிலிருந்து அத்தனை பெண்களும் கைதட்டுவார்கள். அவர்களுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

பிறகு அவருக்கு வயது ஏறியது. ஒருநாள் என்னிடம் வந்து, "கம்பவுண்டரு, முட்டிக்கு ஒரு தைலம் கொண்டாங்க. எனக்கில்ல, எங்க மாமாவுக்கு" என்றார். அவருக்கு மாமா என்று யாரும் கிடையாது. அடுத்த வாரமும் மாமாவுக்குத் தைலம் தேவைப்பட்டது. அதற்கடுத்த வாரம் மாமாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி வந்துவிட்டது.

ஒரு காலையில் எங்கள் ஜீப்பு அவரை முந்திவிட்டது. பேச்சியம்மா அக்காகூட வாயைத் திறக்கவில்லை. அண்ணன் எங்கள் பக்கம் திரும்பாமல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினார். அவர் டீக்கடைக்கு வந்தபோது நாங்கள் குடித்து முடித்திருந்தோம். "இன்னைக்கு மேல சோலி அதிகமாக்கும்? வெரசா வந்துட்டீக" என்று சிரித்தார். எங்கள் யாருக்கும் அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் பாதி மலையில் முருகேசன் ஜீப்பை ஓரம்கட்டினார்.

"என்னாடா, நிப்பாட்டிட்ட?" என்றது அக்கா.

"ரேடியேட்டரு கொதிக்குதுக்கா."

அக்கா இறங்கிப் போய், மூடியைத் திறந்து பார்த்தது. ஒன்றும் கொதிக்கவில்லை. கொஞ்ச நேரம் முருகேசன் முகத்தையே பார்த்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, "ஆமாத்தா, பொங்கி ஊத்துது. நல்லா ஆறட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது. அன்று அண்ணன்தான் ஜெயித்தார். கைதட்டல் மலையெங்கும் கேட்டது.

அதிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. ஒருநாள் டயரில் காற்றிருக்காது. ஒருநாள் மேலே கட்டிய சாக்கு அவிழ்ந்துவிடும். ஒருநாள் அக்காவுக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கும். வாந்தி எடுப்பது என் பங்கு. ரோட்டோரம் குனிந்து நின்று, அண்ணன் மேல் வளைவைத் தாண்டும்வரை சத்தம் கொடுக்க வேண்டும். நடித்து நடித்து ஒருநாள் நிஜமாகவே வந்துவிட்டது. மற்ற ஜீப்புகளுக்கும் சேதி போனது. ஒருவரை ஒருவர் முந்தாமல் ஒரு நாளும் ஓட்டியிராத டிரைவர்கள், அண்ணன் முதுகைக் கண்டதும் கல்யாண ஊர்வலம்போல வரிசை கட்டி வந்தார்கள்.

இதற்கெல்லாம் கூலி மேலே சூப்பர்வைசர் சேட்டனிடம் கிடைத்தது. "எந்தா இது? திவசமும் லேட்டு! ஏலக்காய் உங்களுக்காகக் காத்து நிக்குமோ?" என்று மலையாளத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்து, கோபம் தலைக்கேறியதும் இரண்டும் இல்லாத ஒரு பாஷைக்குப் போய்விடுவார். பெண்கள் தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டு காய் எடுக்கப் போவார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் காரணம் வராது.

நாங்கள் செய்ததில் இருந்த வினை எங்களுக்குப் புரியவில்லை. தினமும் ஜீப்பை ஜெயிக்கிறவர் தன் கால் பழைய கால்தான் என்று நம்பிவிட்டார். பெரிய பெரிய ஊர்களுக்கு ஓடப் போனார். பாதியில் நின்று நின்று திரும்பி வந்தார். முதலில் உப்புக் காற்று. அடுத்ததில், கூடவே ஓடிவந்த ஒரு தெருநாய்க்கு வழி தெரியாமல் போய்விட்டதாம், அதை அதன் தெருவில் கொண்டுபோய் விட்டாராம். அதற்கடுத்ததில், "ரோடு ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது. காலு தூங்கிப்போச்சு" என்றார்.

இந்தக் காலத்தில் கையில் கட்டுகிற கடிகாரமே வேகத்தைச் சொல்லிவிடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவருக்கும் ஒன்று பரிசாக வந்தது. அதைக் கழற்றி முருகேசன் ஜீப்புக் கண்ணாடியில் தொங்கவிட்டுவிட்டார். "அது பட்டணத்தான் குடுத்தது. அவன் கணக்கத்தேன் சொல்லும்" என்றார்.

கடைசியில் ஒருநாள் டீக்கடையில் எங்களையெல்லாம் உட்காரவைத்துத் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். "நல்லா ரோசன பண்ணிட்டேன். தப்பு என் காலுல இல்ல. அவக கிலோமீட்டரு நீளமா இருக்கு. அளக்கயில இழுத்து அளந்துட்டாக. அடுத்த ஓட்டத்துல அம்புட்டு பேப்பர்காரவுகளையும் கூப்புட்டுச் சொல்லப்போறேன். முருகேசா, ஒன் ஜீப்ப அங்க கொண்டா. அவக ரோட்டுல ஓட்டு, நான் கூடவே ஓடுறேன். எங்க ஊருல செயிக்கிறவன் அங்க எப்பிடித் தோக்குறேன்னு தெரிஞ்சு போகட்டும்."

முருகேசன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். சொல்லாமல் விட்டால் அண்ணன் ஊரே சிரிக்க நிற்பார். சொன்னால், காலை ஒடித்த மாதிரி ஆகிவிடும். டிரைவர்கள் ஆளாளுக்கு மேகத்தைப் பார்த்தார்கள். நான் என் மருந்துப் பையைத் திறந்து மூடினேன். பேச்சியம்மா அக்காதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தது.

"அப்பு, ஒங்கிட்ட ஒண்ணு சொல்றேன், வையக் கூடாது. ஜீப்ப நீ செயிக்கல. நாங்கதேன் ஒன்னய செயிக்க விட்டோம்."

அண்ணன் முருகேசனைப் பார்த்தார். முருகேசன் தரையைப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா?"

"போன சித்திரையிலருந்து."

"அப்ப இந்த ரேடியேட்டரு?"

"பச்சத் தண்ணி."

"கம்பவுண்டரு வாந்தி?"

"நடிப்பு" என்றேன். ஒருநாள் நீங்கலாக என்று சொல்ல அது சமயமில்லை.

பிறகு அண்ணன் கேட்டது நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. "அப்ப நீங்க தெனமும் லேட்டாவா சோலிக்குப் போனீக? சேட்டன் திட்டலயா?"

"திட்டுவாரு. அதுக்கென்ன? காதுல வாங்கிக்கிட்டு காய எடுக்கப் போயிருவோம்" என்றது அக்கா.

அண்ணன் எழுந்தார். மலையிறங்கிப் போனார், நடந்து. அவர் நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பிறகு காலையில் முந்தலில் அவரைக் காணவில்லை. நாங்கள் நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போனோம். சேட்டன் திட்ட ஒன்றும் கிடைக்காமல் தவித்தார். எங்களுக்கும் வாய்க்கு ருசியில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அக்கா தினமும் ஒரு வளைவிலாவது புலம்பும்.

மாரத்தானுக்கு முந்தின வாரம் எனக்குப் போன் வந்தது. "கூட வாங்க கம்பவுண்டரு. தைலம் எடுத்துக்கங்க. எனக்குத்தேன்."

போனேன். பாதி தூரத்துக்கு மேல் ஓரிடத்தில் தைலத்தோடு காத்திருந்தேன். இளவட்டங்கள் பறந்து போனார்கள். வெகு பின்னால் அண்ணன் வந்தார். எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று, முட்டியில் கைகளை ஊன்றிக்கொண்டார். தொண்டு செய்கிற பையன்கள் ஓடிவந்து, "கால் பிடிச்சுக்கிச்சா சார்? வயிறா? வெயிலா?" என்றார்கள். ஒன்றுக்கு மூன்று காரணம் கையில் வந்து விழுந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல தம்பி. முடியல" என்றார். ஒரு பத்திரிகைக்காரர் மைக்கை நீட்டினார். அண்ணன் நிமிர்ந்து, "கிலோமீட்டரு சரியாத்தேன் இருக்கு" என்றார். பாவம், பத்திரிகைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து, முந்தலில் வேட்டி சட்டையோடு நின்று எங்கள் ஜீப்பை மறித்தார். பெண்கள் நெருக்கிக்கொண்டு இடம் கொடுத்தார்கள். "முருகேசா, நீ எப்பவும் போற வேகத்துல போ" என்றார். முருகேசன் போனார். மூன்றாவது வளைவில் அண்ணன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி, இம்புட்டு வேகமாப் போற வண்டியவாடா எனக்காக உருட்டிக்கிட்டு வந்த!" என்று கத்தினார். ஜீப்பே சிரித்தது.

போடிமெட்டில் இறங்குவார் என்று நினைத்தோம். இறங்கவில்லை. தோட்டம் வரை வந்து, நேரே சேட்டன் முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"சேட்டா, இவக இம்புட்டு நாளும் லேட்டா வந்தது என்னால. இவகளத் திட்டுன திட்டெல்லாம் எனக்குச் சேர வேண்டியது. எங்கிட்டக் குடுங்க."

சேட்டன் பதறிப்போனார். "அய்யோ, நிங்களையோ? பேப்பர்ல போட்டோ வந்ந ஆளல்லே?"

"திட்டுங்க சேட்டா" என்றது அக்கா. "வாங்காமப் போக மாட்டாரு."

சேட்டன் கூச்சத்தோடுதான் ஆரம்பித்தார். போகப் போகச் சூடு பிடித்துவிட்டது. மலையாளம் முடிந்து, தமிழ் முடிந்து, அந்த மூன்றாவது பாஷைக்கும் போய்விட்டார். அண்ணன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டார். சேட்டன் மூச்சு வாங்க நிறுத்தியதும், "அம்புட்டுத்தானா? விட்டுப்போனது இருந்தாலும் சொல்லிருங்க" என்றார்.

அத்தனை வருடம் மலையேறி வேலைக்குப் போய் வந்த அந்தப் பெண்களுக்காக அதுவரை யாரும் வந்து நின்று திட்டு வாங்கியதில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. ஒருத்தி தன் தூக்குச்சட்டியிலிருந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். கோப்பை வாங்கிய நாட்களிலெல்லாம் நான் அவரைத் தூரத்திலிருந்து பார்த்துக் கைதட்டியவன். அன்று பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவே மனசு வரவில்லை.