செஞ்சி உச்சியில் நான் காட்டிய கடல்

எனக்குப் பொய் சொல்ல வராது. பெருமை பேச வரும். இரண்டும் ஒன்றுதான் என்கிறாள் என் மனைவி ஸ்டெல்லா. அவளுக்கு அந்த நுட்பமெல்லாம் பிடிபடாது.

அப்போது அவள் மனைவியாகவில்லை. பெண் கேட்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அப்பா பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் (எங்கள் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம்). வயது அறுபத்து மூன்று, முதுகுக்கு மட்டும் இருபது.

"லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க தம்பி?"

லாஸ்பேட்டையில் ஸ்கூட்டர் உதைப்பதைத் தவிர வேறு உடற்பயிற்சி அறியாத நான், "செஞ்சிக் கோட்டை ஏறுவேன் சார். ராஜகிரி உச்சியில நின்னா நம்ம ஊரு கடலே தெரியும்" என்றேன்.

(கடலை யார் கேட்டது?)

"அப்படியா! ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சிட்டுப் போவோம். பாத்துட்டு வந்து கல்யாணத்தப் பத்திப் பேசிக்கலாம்" என்றார்.

ஸ்டெல்லாவும் சேர்ந்துகொள்ள, மூவரும் போனோம். நல்ல வெயில். நூறாவது படியிலேயே என் உயிர் பாதி போய்விட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சு வாங்க நின்றேன். நிற்பதற்குக் காரணம் வேண்டுமே என்று, "இங்கதான் சார் ராஜா நின்னு பாப்பாரு" என்றேன். அன்று மட்டும் ஏழு ராஜாக்களைப் பெற்றெடுத்தேன். அவரோ, "அலே, அலே!" என்று பிரெஞ்சில் என்னை விரட்டிக்கொண்டே ஏறினார். முதலில் என் பையை வாங்கிக்கொண்டார். கடைசியில், உச்சிக்குச் சற்று முன்னால் வரும் பாலத்துக்கு அப்பால், என்னையே கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

உச்சியில் இடிந்த மதில், அள்ளிக்கொண்டு போகும் காற்று. சுற்றிலும் குன்று, வயல், ஏரி. கடலை மட்டும் காணோம்!

ஸ்டெல்லா காதோரம், "தெரியலன்னு சொல்லிடு. அப்பாவுக்குப் பொய்னா ஆகாது" என்றாள்.

கேட்டேனா? கிழக்கே வெயிலில் மினுமினுத்த எதையோ காட்டி, "அதோ சார், நம்ம பீச்!" என்றேன்.

அவர் தன் பையிலிருந்து பைனாகுலரை எடுத்தார். (பட்டாளத்துக்காரர் வேறெதைக் கொண்டுவருவார்?) வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை என் கையில் கொடுத்தார்.

"மாப்ள, ஒங்க கடல்ல மாடு மேயுது."

பார்த்தேன். பாதி வற்றிய ஏரி. கரையில் நாலு மாடு. அந்த மதிலிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள். "லூசு, அப்பா ஒன்ன என்னான்னு கூப்புட்டாரு?"

இறங்கும்போது அவரே சொன்னார்: "கடலு பொய்தான். ஆனா கால் அந்த நடுங்கு நடுங்கியும், திரும்பிடலாம்னு ஒருவாட்டி கூட நீங்க சொல்லல. எம்பொண்ணுக்கு அது போதும்."

இன்றும் ஞாயிறு மாலை குடும்பத்தோடு கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, மாமனார் நெற்றியில் கைவைத்து அலைகளைப் பார்ப்பார். "இன்னிக்கி ஒரு மாட்டையும் காணோமே, மாப்ள?" என் மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். சிரிக்கட்டும். மாப்பிள்ளைப் பட்டத்தைக் கோட்டை உச்சியில் வாங்கியவன் புதுச்சேரியிலேயே நான் ஒருவன்தான்.

(இது பெருமை. பொய் இல்லை.)