முதல் போன்ஜூர் யார் சொல்வது

தட்டையான பாதங்களை வைத்துக்கொண்டு இவனால் ஒரு மணி நேரம்கூட நிற்க முடியாது என்று சொன்ன டாக்டரை என் தம்பி அனிசே வென்றான். இருபத்தேழு ஆண்டுகளாகச் சர்வராக நின்றுகொண்டிருக்கிறான். ஓட்டல் பள்ளித் தேர்வில் மூன்று முறை தோற்று நான்காம் முறை வென்றான். தட்டில் மூன்று டம்ளரும் ஒரு புட்டியும் வைத்துக்கொண்டு ஓடும் சர்வர் பந்தயத்தில், மழையில், ஒரு ஷூ கழன்றுபோன பிறகும், ஒரு சொட்டு சிந்தாமல் வென்றான். முதலாளியம்மாவின் அக்கா மகன் ஆசைப்பட்டுக் கேட்டும், 'மூன்று புறா' காபிக் கடையின் நடைபாதை மேசைகள் ஆறையும் இவனே வென்றான். எதிர் மருந்துக் கடைக்காரரின் நாயை, அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை முறைத்துப் பார்த்து வென்றான். அன்று நான் நேரம் குறித்தேன். பதினோரு நிமிடம்.

இவ்வளவையும் வென்றவன் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அடிமை: போன்ஜூர், எங்கள் பிரெஞ்சு வணக்கம்.

வாசகரே, போன்ஜூர்க் காவலர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் பாரிஸில் அது தெருவுக்கு நான்கு பேர் வீதம் வாழ்கிறது. ரொட்டிக் கடையில், தபால் நிலையத்தில், பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் எல்லாம் நீங்கள் அதைப் பார்க்கலாம், ஆனால் அது உங்களைப் பார்க்காது. நீங்கள் முதலில் போன்ஜூர் சொன்னால் அது மனிதராக மாறும். குளிருகிறதா என்று கேட்கும், நல்ல இருக்கையைக் காட்டும், இன்றைக்கு மீன் வேண்டாம் என்று காதோடு சொல்லிக்கூட வைக்கும். நீங்கள் சொல்லாமல் 'ஒரு காபி' என்று ஆரம்பித்தால், அடுத்த கணம் அங்கே ஒரு தூண் நிற்கும். அந்தத் தூண் காபி கொண்டு வரும். வைக்கும். போகும். தூணிடம் மரியாதை எதிர்பார்க்கலாமா?

அனிசே இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. நான் அவனுடைய அக்கா என்பதால் சொல்லவில்லை. அதே கடையில் காபி மெஷினுக்குப் பின்னால் இருபது ஆண்டு நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த இனத்துக்கென்றே படைக்கப்பட்ட எதிரி அமெரிக்கப் பயணி. அவர் போன்ஜூர் சொல்லமாட்டார். அதற்குப் பதிலாகச் சிரிப்பார். முன்பின் தெரியாத ஆளைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார். அவர் ஊரில் அதுதான் வணக்கம்.

"எதுக்கு அக்கா சிரிக்கிறாங்க?" என்பான் அனிசே. "என் மூஞ்சியில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"மரியாதைக்குச் சிரிக்கிறாங்கடா."

"மரியாதைக்கு வாயால பேசணும். பல்லால இல்ல."

ஓர் ஆண்டு இளவேனிலில் இரண்டு அமெரிக்கர்கள் இணையத்தில் புகார் எழுதிவிட்டார்கள். ஒருவர், சர்வர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றார். மற்றவர், ஐஸ் கேட்டதற்கு ஒரே ஒரு கட்டி வந்தது என்றார். முதலாளியம்மா மதாம் பெஷார் அனிசேயைக் கூப்பிட்டார்.

"இன்னொரு புகார் வரட்டும் அனிசே. ஆறு மேசையும் என் அக்கா பையனுக்குப் போயிரும். நீ உள்ள நின்னு டம்ளர் துடைக்கலாம்."

அவன் அன்று சாயங்காலம் ஆறு மேசைகளையும் இரண்டு முறை துடைத்தான்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு, நான்காம் மேசையில் ஒரு தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்ற மாநிலம். கணவர் டாயல், விதை வியாபாரி. மனைவி வெர்லீன். டாயல் சிரித்தார். அனிசே தூணானான். ஆம்லெட் வந்தது. நன்றாகவும் இருந்தது, தட்டு காலியாகத் திரும்பியது. அதன் பிறகுதான் வினை ஆரம்பித்தது.

அவர்கள் ஊரில், சாப்பிட்டு முடித்ததும் பில் தானாக மேசைக்கு வரும். வராவிட்டால் உங்களைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில், கேட்காத பில்லைக் கொண்டுபோய் வைத்தால் எழுந்து வெளியே போ என்று அர்த்தம். அந்த அவமானத்தை அனிசே தன் எதிரிக்குக்கூடச் செய்யமாட்டான். ஆகவே அவர்கள் காத்திருந்தார்கள். இவனும் காத்திருந்தான்.

ஒரு மணி நேரம் ஆனதும் டாயல் ஒரு தந்திரம் செய்தார். காபி கேட்டால் சர்வர் வருவார், வரும்போது பில்லும் வரும். காபி மட்டும் வந்தது. இன்னொன்று கேட்டார். அதுவும் வந்தது.

அனிசே என்னிடம் வந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பந்தயம் வென்ற நாளில்தான் பார்த்திருந்தேன்.

"அக்கா, நாலாம் மேசைக்கு இன்னும் ரெண்டு. அவங்களுக்கு என் மேசை ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"போன்ஜூர் சொன்னாங்களா?"

"இல்ல. ஆனா உக்காரத் தெரிஞ்சவங்க."

மூன்றரைக்கு மழை வந்தது. மற்ற மேசைகள் காலியாயின. டாயல் பாதி எழுந்தார். அனிசே ஓடிப்போய்ப் பெரிய குடையை எடுத்துவந்து அவர்கள் தலைக்கு மேல் விரித்து, அதன் இரும்பு அடியை அவர்கள் நாற்காலிக்கு இந்தப் பக்கம் நிறுத்தினான். டாயல் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். வேறு என்ன செய்வார்? போகிற வழியில் இரும்பு. நான்கு மணிக்கு அனிசேயின் வேலை நேரம் முடிந்தது; மேசையில் விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்குப் போவதா என்று அவனும் மழையில் நின்றான். டாயல் கைபேசியில் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஏழாவது காபிக்குப் பிறகு வெர்லீன் கழிவறை தேடி உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும், கையிலிருந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்து, "போன்ஜூர், மதாம்" என்றார்.

நாங்கள் பேச அது போதாதா? அவருடைய மொழியில் நான் சமாளிப்பேன்.

"கோவிச்சுக்காதீங்க மதாம்," என்றார். "எங்களை எப்ப விடுவீங்க? ஆறு மணிக்கு ரயில் இருக்கு."

"யாரும்மா உங்களைப் புடிச்சு வச்சிருக்கா?"

"அந்த சர்வர்தான். பில்லே தரமாட்டேங்கிறாரு. எந்திரிச்சா குடையை வச்சு மறிக்கிறாரு. எங்க வீட்டுக்காரர் நாலு பத்தி புகார் எழுதி முடிச்சிட்டாரு. சர்வரோட பேர் ஒண்ணுதான் பாக்கி."

"நீங்க பில் கேட்டீங்களா?"

"கேக்கிறதா? நானே முப்பது வருசம் சர்வரா இருந்தவ. கடைசி வாய் உள்ள போறதுக்குள்ள பில்லை வச்சு, அடியில நன்றின்னு எழுதி, என் பேரையும் போட்டு, ஒரு சிரிச்ச மூஞ்சி வரைவேன். கேக்க விட்டா என் தொழிலுக்கே கேவலம்."

"இங்க கேக்காமக் குடுத்தா அவன் தொழிலுக்குக் கேவலம்."

அவர் வெளியே பார்த்தார். மழையில் நனைந்துகொண்டு, அவர்களுடைய குடையின் கீழே ஒரு விரல்கூட நுழைக்காமல், அனிசே நிமிர்ந்து நின்றான். மணி நான்கு ஐம்பது. வெர்லீன் சிரிக்க ஆரம்பித்தவர், கழிவறையை மறந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

வெர்லீன் தன் கணவர் காதில் ஏதோ சொன்னார். டாயல் கொஞ்ச நேரம் அனிசேயையே பார்த்தார். பிறகு எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, "போன்ஜூர், முசியே" என்றார்.

நாலு மணி நேரம் தாமதமாக வந்தாலும் போன்ஜூர் போன்ஜூர்தானே? அனிசே தலை தாழ்த்தி, "போன்ஜூர் முசியே, போன்ஜூர் மதாம்" என்று சொல்லிவிட்டு, நேரே உள்ளே போய் மெனு அட்டையை எடுத்துவந்து நீட்டினான். அவன் கணக்கில் அவர்கள் இப்போதுதான் வந்திருக்கிறார்கள்.

"பில், தயவுசெய்து" என்றார் வெர்லீன்.

பில் வந்தது. வெர்லீன் தன் பேனாவை எடுத்து அனிசேயிடம் கொடுத்து, காகிதத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார். "எங்க ஊர்ல இங்க சர்வர் பேரும் ஒரு சிரிச்ச மூஞ்சியும் இருக்கும்."

அனிசே என்னைப் பார்த்தான். முன்பின் தெரியாதவர்களிடம் பெயரைக் கொடுப்பதா? இருபத்தேழு ஆண்டில் கொடுத்ததில்லை. போதாக்குறைக்கு டாயலின் கைபேசி மேசைமேல் திறந்து கிடந்தது. நான்கு பத்தி, கீழே ஒரு காலிக் கட்டம். அது எதற்கான கட்டம் என்று அவனுக்குத் தெரியும். முந்தைய இரண்டு புகாரிலும் காலியாகக் கிடந்த அதே கட்டத்தை, 'இது சர்வர் பேருக்கு' என்று மதாம் பெஷார் விரலால் தட்டிக் காட்டியிருந்தார்.

"வேணாம்டா," என்றேன்.

"வணக்கம் சொல்லிட்டாங்க அக்கா," என்றான். கையெழுத்துப் போட்டான்.

டாயல் அந்தப் பெயரைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகக் கட்டத்தில் தட்டினார். பிறகு மேலே இருந்த நான்கு பத்தியையும் படித்தார். குடை என்ற சொல்லில் நிறுத்தி, நனைந்து நின்ற அனிசேயை நிமிர்ந்து பார்த்தார். நான்கையும் அழித்துவிட்டு, பெயரை மட்டும் அனுப்பினார்.

மறுநாள் மதாம் பெஷார் அதைப் படித்தார். வெறும் 'அனிசே'. இது புகாரா, பாராட்டா? அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்கும்வரை ஆறு மேசையும் என் தம்பிக்குத்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. உங்கள் மாடிப்படியில் ஏறி வரும் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் பேசட்டும் என்று, கையிலேயே இருக்கும் சாவியைப் பையில் தேடியதில்லையா? அலுவலகத்தில் ஒருவர் மூன்று மாதமாக வணக்கம் சொல்லவில்லை என்று நீங்களும் மூன்று மாதமாகச் சொல்லாமல், நாள் எண்ணிக்கொண்டு இருக்கவில்லையா? உங்கள் வீட்டுக் கண்ணாடியைப் போய்ப் பாருங்கள். அதில் தூண் ஏதாவது தெரிந்தால், முதலில் நீங்களே ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள், அது சொல்லாது.

அவன் கையெழுத்துப் போட்ட அந்தப் பில் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு மூலையில் மழை பட்டு மை கலைந்திருக்கிறது. 'அனிசே' என்று பள்ளிப் பிள்ளை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியாத ஒரு மூஞ்சி. அதன் கீழே அவனே எழுதியிருக்கிறான்: 11 ஜூன் 2019.