நான்காம் பக்கத்தில் மூன்று எழுத்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், மகள், குழந்தை மூவரும் நலம். அங்கு தங்கள் நலம் குறித்துத்தான் இக்கடிதம்; ஆகவே வழக்கம்போல் முதல் வரியோடு மடித்து வைத்துவிட வேண்டாம்.

நான் காவல் பார்க்கும் போர் நினைவுத் தூணைத் தாங்கள் கல்யாணத்தின்போது பார்த்திருக்கிறீர்கள். அறுபது அடி உயரம். உச்சியில் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றிக் குனிந்து நிற்கும் கல் சிப்பாய். பழைய யுத்தம் முடிந்தபின் ஒன்பது வருடம் கமிட்டி கூடிக் கூடிப் பேசிக் கட்டியது. மூன்று பக்கங்களில் ஆயிரத்து இருநூற்று ஆறு பெயர்கள். நான்காம் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள், அடுத்த யுத்தம் வந்தால் இடத்துக்கு அலையக் கூடாதே என்று. தினமும் காலையில் நான் பெயர்களைத் துடைத்து, எண்ணி, பதிவேட்டில் எழுத வேண்டும். பதினோரு வருடமாக ஒரே எண். போன திங்கட்கிழமை ஒன்று கூடியிருந்தது. நான்காம் பக்கத்தில், எழுத்துக் குழிகளில் பாசி படிந்து, ஐம்பது வருடமாக அங்கேயே இருந்ததுபோல ஒரு பெயர். எதிர்க்கடைத் தையற்காரரின் தம்பி, எல்லையில் இருந்தவர். அவர் போய்விட்டதாக வீட்டுக்குச் சேதி வந்தது வியாழக்கிழமைதான்.

மேற்பார்வையாளர் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தபாலைவிடக் கல்லு வேகமா இருக்கு, அதுக்கு நான் என்னய்யா பண்றது? பழைய எண்ணிக்கை தப்புன்னு சிவப்பு மையில எழுதிடு" என்றார். எழுதினேன். பதிவேடு சரியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமையிலிருந்து அதற்குக் கீழே இன்னொரு பெயர், நாளுக்கு ஓர் எழுத்தாக வந்துகொண்டிருக்கிறது. இன்றோடு மூன்று எழுத்து. மூன்றும் தங்களுடையவை. "இந்த மூணு எழுத்துல ஊர்ல நூறு பேர் இருப்பான்" என்றார் மேற்பார்வையாளர். அதில் எத்தனை பேர் பட்டாளத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்குள் அவருக்கு டீ வந்துவிட்டது.

மகளிடம் ஜாடையாகச் சொன்னேன். "அப்பா, பட்டாளத்துல அவர் கையில இருக்கிறது துப்பாக்கி இல்ல, கரண்டி. கரண்டிக்காரரை யாருப்பா சுடப் போறாங்க?" என்று சிரித்தாள். மேற்குப் பக்கம் பதினேழாம் வரியில், பெயருக்குப் பக்கத்தில் 'சமையல்' என்றே வெட்டியிருப்பதை நான் சொல்லவில்லை. குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

தங்கள் பெயரில் ஏழு எழுத்து. தபாலுக்கு இரண்டு நாள். எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது: பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். படிவம் இணைத்திருக்கிறேன். புதுப் பெயரை நானே யோசித்து நிரப்பிவிட்டேன், பதினான்கு எழுத்து, நாளுக்கு ஒன்று என்றால் அதற்குள் தங்களுக்கு விடுமுறை வந்துவிடும், உலகத்தில் வேறு யாருக்கும் இப்படியொரு பெயர் இருக்காது, சாப்பாட்டு வரிசையில நிக்கிற பசங்க கேட்டா சிரிப்பாங்கதான், சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும் மாப்ளே, ஏழாவது எழுத்து விழறதுக்குள்ள கையெழுத்துப் போட்டு உங்க ஆபீசர்கிட்ட குடுத்துடுங்க, நான் இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. இந்தப் பெயரை நான் வாய்விட்டுக்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

எந்தப் பெயரிலாவது தாங்கள் நெடுங்காலம் நன்றாக இருக்க வாழ்த்தும்
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மறுநாள் காலையில் போய் எண்ணிவிட்டு வந்தேன். தங்களுடைய மூன்று எழுத்தும் இருந்த தடமே இல்லை. அதே இடத்தில் பதினான்கு எழுத்தும் மொத்தமாக, பாசியோடு இருக்கின்றன. படிவத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். தயவுசெய்து பழைய பெயரிலேயே இருங்கள். அந்தக் கல் எதையெல்லாம் படிக்கிறது என்று தெரியாததால் உறைமேல் தங்கள் பெயரை எழுதவில்லை. முகவரிக்கு மேலே 'சமையற்கட்டில் இருப்பவருக்கு' என்று மட்டும் போட்டிருக்கிறேன். அங்கே தாங்கள் ஒருவர்தானே?