மைக்செட்டின் காலை அறிவிப்பு

தன் சிறுநீரின் நிறத்தை ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் எஸ்டேட்டைச் சேர்ந்தவர். இதைச் சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. சிரிப்பதானால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். அவருக்குப் பெயர் மைக்செட். அம்மா அப்பா வேறு ஏதோ வைத்திருப்பார்கள். அது எங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. பகலில் ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் மெஷினோடு மல்லுக்கட்டுவார். மற்ற நேரமெல்லாம் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு லோரி பேட்டரி, இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு மைக் என்று இவற்றோடுதான் குடித்தனம்.

"எனக்கு ரெண்டு சம்சாரம்லா. ஒண்ணு அஞ்சலை, இன்னொண்ணு ஆம்ப்ளிஃபயர். ரெண்டும் சூடாயிட்டா கிட்ட போவக் கூடாது" என்பார்.

"அப்ப சோத்தையும் அதுவே ஆக்கிப் போடட்டும்" என்பாள் அஞ்சலை அக்கா.

சாதாரணமாகப் பேசும்போது நம்மைப் போலத்தான் பேசுவார். மைக்கைப் பிடித்துவிட்டால் மேடைத் தமிழ் கொட்டும். "காணாமற்போன வெள்ளாட்டைக் கண்டுபிடித்துத் தருவோருக்கு உரிமையாளர் என்றென்றும் நன்றிக்கடன் பட்டிருப்பார்!" என்று ஒருநாள் முழங்கினார். ஆடு அவருக்குப் பின்னாலேயே நின்று பந்தல் துணியைத் தின்றுகொண்டிருந்தது.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. மைக்கில் பொய் சொல்ல மாட்டார். "மைக்ல பொய் சொன்னா கரண்டு அடிக்கும் கிராணி" என்று என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார். கொழுந்து பறிக்கும் ராசாத்தி அக்காவின் மகள் கல்யாணத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது சாம்பார் தீர்ந்துவிட்டது. ராசாத்தி அக்கா ஓடிவந்து, "சாப்பாடு நெறைய இருக்கு, எல்லாரும் நிதானமா சாப்பிடுங்கன்னு சொல்லுங்க அண்ணே" என்று கெஞ்சினாள். மைக்செட் தொண்டையைச் செருமினார்.

"பெருமக்களே, சாம்பார் தீர்ந்துவிட்டது. ரசம் இருக்கிறது. அதுவும் அதிக நேரம் இருக்காது."

அன்றோடு ராசாத்தி அக்கா அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவர் வீட்டு வாசல் வழியாகப் போக நேர்ந்தால் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

என் கதை வேறு. அவர் வீட்டுக் கூரையில் இருந்த ஸ்பீக்கர்களில் ஒன்று நேராக என் படுக்கையறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் திருப்பி வைங்க அண்ணே" என்றேன். "படிச்ச மனுசன், ஒங்களுக்குத்தான மொதல்ல கேக்கணும்?" என்றார். நான் தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலில் ஆணி அடித்தேன். பலகைதான் அதிர்ந்ததே தவிர, சத்தம் குறையவில்லை.

இந்த நிலையில்தான் அவர் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள் தெரிந்தன. கத்திக் கத்தி வந்த வீக்கம் என்றார்கள். மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எனக்கு இங்கிலீஷும் மலாயும் வரும் என்பதால் துணைக்கு நானும் போனேன். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். நிணநீர்ச் சுரப்பியில் கேன்சர். நல்ல மருந்து இருக்கிறது. சில வாரத்துக்கு ஒருமுறை வந்து நரம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எல்லாத் தவணையையும் முடித்தால் பிழைக்க நிறைய வாய்ப்பு. பாதியில் ஓடினால் இல்லை.

ஓடினால் என்ன ஆகும் என்று மைக்செட்டுக்குத் தெரியும். பக்கத்து எஸ்டேட்டில் ஒருவர் முதல் ஊசிக்கு வாந்தி எடுத்துவிட்டு, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று படுத்துவிட்டார். அவர் கருமாதிக்கு ஸ்பீக்கர் கட்டியது இவர்தான்.

மருந்து தொடங்கும் நாளில் வார்டுத் தாதி ஒரு பெயரைச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. பக்கத்தில் இருந்த அஞ்சலை அக்கா விலாவில் இடித்து, "ஒன்னத்தான்யா!" என்றதும்தான் மைக்செட்டுக்கே அது தன் பெயர் என்று ஞாபகம் வந்தது. தாதி தமிழ்ப் பெண். கண்டிப்பானவள்.

"அண்ணே, நான் சொல்றத நீங்க திருப்பிச் சொல்லணும். அப்பதான் ஊசி. மருந்து ஏறுறப்ப கையில எரிஞ்சா, வலிச்சா பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்காதீங்க. ஒடனே கூப்பிடுங்க. வெளிய கசிஞ்சா தோலு வெந்துரும். வாந்திக்கு மாத்திரை குடுப்போம், வாந்தி வர்றதுக்கு முன்னாடியே போடணும். முடி கொட்டும், மறுபடி வளரும். வாயில புண்ணு வரும், உப்புத்தண்ணி கொப்புளிக்கணும். வேரு, பச்சிலைன்னு யாராச்சும் குடுத்தா எங்களக் கேக்காம குடிக்கக் கூடாது."

கடைசியாக அவள் விரலை நீட்டினாள். "இதுதான் முக்கியம். கிருமிய எதுக்குற வெள்ளை அணு கொறஞ்சிடும். காய்ச்சல் வந்தா எந்த நேரமா இருந்தாலும் ஒடனே இங்க வரணும். பெனடோல் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. காய்ச்சல் மறைஞ்சிடும், கிருமி உள்ள வேலையப் பாத்துக்கிட்டே இருக்கும். உயிருக்கே ஆபத்து."

மைக்செட் எழுந்து நின்றார். தண்ணீர்ப் போத்தலை வாயருகே பிடித்தார். "அன்பார்ந்த தாதி அவர்களே! வார்டில் வீற்றிருக்கும் சக நோயாளிப் பெருமக்களே!" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் ஒப்பித்தார். அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் டிரிப்ஸ் கம்பியை உருட்டிக்கொண்டு வந்து கேட்டார்கள். தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

அன்று மாலை மலை திரும்பியதும் ஸ்பீக்கர் கரகரத்தது.

"அன்பார்ந்த தோட்ட மக்களே! எனக்குக் கேன்சர்."

அந்தக் காலத்தில் அந்தச் சொல்லைப் புருஷன் பெண்டாட்டிகூடக் காதோடுதான் சொல்லிக்கொள்வார்கள்.

"இது தொற்றுநோய் அல்ல. என்னைத் தொட்டால் உங்களுக்கு எதுவும் ஒட்டாது. ஆனால் உங்கள் சளி எனக்கு ஒட்டும். ஆகவே என் வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். அன்பு காட்ட விரும்புவோர் கோட்டுக்கு அப்பால் நின்று காட்டவும். மேலும், எனக்கு ஏற்றிய மருந்து சிவப்பு. ஆகையால் என் சிறுநீர் ஓரிரு நாள் செம்பருத்தி நிறத்தில் போகும். அது இரத்தமல்ல. பொதுக் கழிவறைக்கு வருவோர் அஞ்ச வேண்டாம். நான் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவேன்."

"ஐயோ, மானம் போவுதே!" என்று பின்னாலிருந்து அஞ்சலை அக்கா அலறியதும் சேர்ந்தே ஒலிபரப்பானது.

எங்கள் தோட்டத்தில் நோயாளியைப் போய்ப் பார்க்காவிட்டால் அது பகை. பார்ப்பது என்றால் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, அழுது, ஒரு போத்தல் ஹார்லிக்ஸ் வைத்துவிட்டு வர வேண்டும். இப்போது எல்லாரும் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். மைக்செட் உள்ளே இருந்தபடி வரவேற்றார். "கம்போங் ராஜாவிலிருந்து வருகை தந்திருக்கும் மச்சான் அவர்களுக்கு நன்றி. அவர் மூக்கை உறிஞ்சுவது தெரிகிறது. தயவுசெய்து இன்னும் பின்னால் செல்லவும்." திரிங்காப்பிலிருந்து ஒருவர் ஏதோ வேர்க் கஷாயம் கொண்டுவந்தார். அதைத் தாதியிடம் கேட்ட பிறகே குடிப்பதாக அறிவித்தார். கொண்டுவந்தவருக்குக் கோபம். கஷாயத்தைத் தானே குடித்துவிட்டுப் போனார்.

முடி கொட்டியது. வேண்டுதல் மொட்டை என்று பேச்சுக் கிளம்பியதும் உடனே மறுப்பு வந்தது. "இது மருந்து அடித்த மொட்டை. முருகன் கணக்கில் எழுத வேண்டாம். அவருக்குத் தனியாக உண்டு."

இதற்கெல்லாம் மேலாகக் காலை அறிவிப்பு ஒன்றைத் தொடங்கினார். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு நேரத்தில் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்று காய்ச்சல் இல்லை" என்பார். பிறகு தாதி சொன்னதையெல்லாம் ஒருமுறை ஒப்பிப்பார். கூடையை மாட்டிக்கொண்டு நிற்கும் பெண்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். கங்காணி முதலில் கத்தினார். பிறகு அவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ராசாத்தி அக்கா மட்டும் முகத்தைத் திருப்பியபடி கேட்டாள். காது திரும்பவில்லை.

மூன்றாவது ஊசி முடிந்து சில நாள் கழித்து மைக்செட்டுக்குத் தலைக்கனம் வந்தது. "காய்ச்சல் என்னும் கோழை இந்த மைக்செட்டின் வாசலை மிதிக்க அஞ்சுகிறான்!" என்று முழங்கினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று நான் பலகைக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தேன்.

மறுநாள் காலை ஸ்பீக்கரில் கரகரப்பு மட்டும் கேட்டது. பேச்சு வரவில்லை.

பெரட்டில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "தூங்கிட்டாரு போல. போலாம், போலாம்" என்றார் கங்காணி. யாரும் நகரவில்லை. ராசாத்தி அக்கா கூடையைக் கழற்றித் தரையில் போட்டாள்.

"தூக்கமா? அந்த மனுசன் மைக்ல பொய் சொல்ல மாட்டாரு. காய்ச்சல் இல்லன்னு சொல்ல முடியல, அதான் வாய மூடிக்கிட்டு இருக்காரு. ஓடுங்கடி!"

ஆள் கணக்கு எழுத நின்ற நானும் அவர்களுமாக ஓடினோம். கதவு திறந்திருந்தது. மைக்செட் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். குளிரில் பல் தந்தியடித்தது. ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அஞ்சலை அக்கா ஒரு கையில் பெனடோலும் மறு கையில் தண்ணீருமாக அழுதுகொண்டு நின்றாள்.

அத்தனை பெண்களும் சுண்ணாம்புக் கோட்டில் சட்டென்று நின்றார்கள். ஒரு கால்கூடத் தாண்டவில்லை. அங்கிருந்தே ஒரே குரலில் கத்தினார்கள். "அஞ்சல, பெனடோல் வேணாம்! காய்ச்சல மறைச்சிடும்!"

"நேத்துதான் அவ்ளோ பீத்திக்கிட்டேன் கிராணி" என்றார் மைக்செட். வாய்ப்புண்ணில் வார்த்தை குழறியது. "இன்னைக்கி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு..."

"ஒங்க பவுசு கெடக்கட்டும், கெளம்புங்க அண்ணே!" என்றாள் ராசாத்தி அக்கா. கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எஸ்டேட் வண்டி டவுனுக்குப் போயிருந்தது. பெண்கள் ரோட்டை மறித்து நின்றார்கள். கோலா தெர்லாவிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு வந்த லோரி ஒன்று நின்றது. டிரைவர் என்னவென்று கேட்க வாயைத் திறந்து, கேட்பதற்குப் பதிலாகத் தும்மினார். ராசாத்தி அக்கா தன் தலைத்துண்டை அவிழ்த்து அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள். "கீழ போற வரைக்கும் அவுக்கக் கூடாது லா" என்றாள். மைக்செட்டும் அஞ்சலை அக்காவும் முன்னால் ஏறினார்கள். நான் கோஸ் மூட்டைகளின் மேல். மலையடிவாரத் தாப்பா வரையிலான வளைவுகளில் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் அதே தாதி. "எப்பலேர்ந்து காய்ச்சல்?"

"இன்னைக்கிக் காலைலேர்ந்து" என்றாள் அஞ்சலை அக்கா.

"அந்த மலைலேர்ந்து அதுக்குள்ளயா? பெனடோல் போட்டீங்களா?"

"போட விடல. பெரட்டுல நின்ன பொம்பளைங்க விடல."

அவர் நரம்பில் உடனே கிருமிக்கு மருந்து ஏறியது. இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி கேட்டார். வந்த அன்று மாலைவரை காத்திருந்தால் உயிருக்கு உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். "ஒங்க எஸ்டேட் ஆளுங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்று தாதி கேட்டாள். நான் கட்டிலைக் காட்டினேன். என் சட்டையெல்லாம் கோஸ் இலை. ஆனாலும் அன்று அந்த ஆஸ்பத்திரியில் என்னைவிட நிமிர்ந்து நடந்தவன் எவனும் கிடையாது.

அவர் திரும்பி வந்த மறுநாள் காலை பெரட்டில் ஒரு இருமல்கூட இல்லை.

"ஹலோ... ஹலோ..." குரல் கம்மியிருந்தது. "இன்று காய்ச்சல் இல்லை. அன்று அறிவிக்காமல் இருந்தது என் வீண் பெருமை. காய்ச்சல் வருவது வெட்கமல்ல, மறைப்பதுதான் முட்டாள்தனம். ராசாத்தி அம்மையாருக்கு ஒரு செய்தி. அன்று சாம்பார் தீர்ந்தது உண்மை. ஆனால் இருந்தவரையில் அது பிரமாதமாக இருந்தது."

"இதையும் ஊரக் கூட்டித்தான் சொல்லணுமா?" என்று ராசாத்தி அக்கா துண்டால் கண்ணைத் துடைத்தாள்.

எல்லா ஊசியையும் அவர் முடித்தார். ஒன்றுக்குக்கூட ஓடவில்லை. முடி சுருட்டையாக வளர்ந்தது. அதைக் கொண்டுபோய் முருகனுக்குத் தனியாகக் கொடுத்தார். அதன் பிறகு இந்த மருந்து தொடங்க வேண்டியவர்கள் மலையில் எங்கிருந்தாலும் முந்தின நாள் மைக்செட் வீட்டுக்கு வந்து, கோட்டுக்கு உள்ளே உட்கார்ந்து, கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் எஸ்டேட் தேயிலை எந்தெந்த நாட்டுக்கோ போனது. எனக்கு அதைவிட இதுதான் பெருமை.

ஜன்னல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் குரல் கம்மி வந்த அன்றே ஆணியைப் பிடுங்கிப் பலகையை எடுத்துவிட்டேன். மலைக்குளிர் உள்ளே புகுந்து எனக்கு நல்ல சளி பிடித்தது. அதனால் அவரைப் பார்க்கப் போனபோது கிட்டே போக முடியவில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, நன்றாகக் கேட்கிறது அண்ணே, இன்னும் சத்தமாக வையுங்கள் என்று கையால் சைகை காட்டினேன்.