பஸ்ஸுக்குப் பின்னால் போகும் ஸ்போர்ட்ஸ் கார்

இராஜபாளையம்,
22.8.1999

அன்புள்ள மாப்பிள்ளை வைகுண்டராஜுக்கு, அத்தான் சோலைராஜ் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா பரிபூரணமும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கோயம்புத்தூரில் உன் வீட்டிலும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை செண்பகத்தோப்பு மலையோடு நின்றுவிட்டது, ஊருக்குள் இறங்கவில்லை. விஷயம் இதுதான். நீ எனக்குக் கொடுத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நீயே வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. காரணத்தை முறையாக எழுதுகிறேன். அத்தான் சும்மா திருப்பிவிட்டார் என்று பின்னால் பேச்சு வரக் கூடாது.

உனக்குத் தெரியும், அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது இருபத்தாறு வருஷமாக என் வேலை. மில்லில் பிட்டராக இருந்த காலத்தில் அதற்காகவே ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு உன் கார் வந்தது. இரண்டே சீட், எங்களுக்கு அது போதும். அவள் தலைமையாசிரியை ஆகிவிட்டாள், ஸ்போர்ட்ஸ் காரில் மடியில் டிபன் கேரியரோடு வந்து இறங்குவாள், பிள்ளைகள் வரிசையாக நின்று வணக்கம் சொல்லும். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மடவார் வளாகம் வளைவில் மட்டும் வண்டியின் பின்பக்கம் லேசாக நழுவுவதுபோல் எனக்குப் பட்டது. உனக்குப் போன் போட்டேன். "அத்தான், டயரு சூம்பிப்போய்க் கெடக்குல்லா, அகலமாப் போடுங்க, ரோட்டக் கவ்விப் பிடிக்கும்" என்று நீ சொன்னாய். நீ சொன்ன தேதி என் டைரியில் இருக்கிறது.

மதுரைக்குப் போய் அலாய் வீலும் அகல டயரும் நாலு சக்கரத்துக்கும் போட்டு வந்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. மறுநாள் பள்ளி வாசலில் வண்டியைத் திருப்புகிறேன், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசி மாவு மில் மாதிரிச் சத்தம் போடுகிறது. அரைவாசி ஒடித்தால் சத்தம் இல்லை, ஆனால் வண்டி திரும்பாது. ஆகவே அக்காவை இறக்கிவிட்டு நாலு ரத வீதியையும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் இராஜபாளையம் பாதையைப் பிடிக்க முடிந்தது. பத்து நாள் இப்படிச் சுற்றினேன். அங்கே பூ கட்டுகிற கருத்தம்மா என்னை நிறுத்தி, "என்ன வேண்டுதல் அண்ணாச்சி, தெனமும் சுத்துதீய?" என்று கேட்டாள். வீல் பெரிசு என்று அவளிடம் எப்படிச் சொல்வது. குடும்ப நன்மைக்கு என்று சொன்னேன். ஒரு முழம் சும்மாவே கொடுத்தாள்.

மட்கார்டின் விளிம்பைத் தட்டி மடக்கி உரசலை நிறுத்தினேன். அடுத்தது, அகல டயர் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் என்றாய், எந்த ரோட்டை என்று சொல்லவில்லை. லாரிகள் ஓடி ஓடித் தார் பள்ளம் விழுந்திருக்கிறது அல்லவா, அந்தத் தடத்தைத்தான் அது கவ்விப் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டியார்பட்டிப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனேன். முன்னால் ஒரு லாரி டீக்கடைக்கு ஒதுங்கிய தடம் இருந்தது. என் கார் ஸ்டியரிங்கைக் கேட்காமல் அந்தத் தடத்திலேயே போய்க் கடைப் பெஞ்சுக்கு அரை அடி முன்னால் நின்றது. கடைக்காரர் வீரணன் பெஞ்சை நகர்த்திப் போட்டுவிட்டு, "சீனி தூக்கலா, கம்மியா?" என்று மட்டும் கேட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு மதுரையில் கம்ப்யூட்டர் வைத்து அலைன்மென்ட் பார்த்தேன். முன்சக்கரம் எவ்வளவு உள்ளே பார்க்க வேண்டும், எவ்வளவு தலை சாய்ந்து நிற்க வேண்டும் என்று அச்சடித்த தாளே கொடுத்தார்கள். சாய்வுக்குப் பெயர் கேம்பர். அந்தத் தாளை அக்காவுக்கு மூன்று நாள் போகும்போதும் வரும்போதும் விளக்கினேன். வண்டி உண்மையிலேயே நேராக ஓடியது. அத்தோடு விட்டிருக்கலாம். வண்டி தாழ்ந்திருந்தால் வளைவில் இன்னும் நிற்கும் என்று படித்து, ஸ்பிரிங்கில் ஒரு சுற்று அறுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் வைத்த அளவு அத்தனையும் அதோடு போயிற்று. மறுநாள் காலை, பள்ளிக்கு முன்னால் இருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் வண்டி ஏறி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தலைமையாசிரியை உள்ளே இருக்க, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் தள்ளி இறக்கினார்கள். அக்கா சேலையைச் சரி செய்துகொண்டு உள்ளே போனாள். அடுத்த நாள் எட்டே காலுக்கு, "நான் பஸ்ல போறேன்" என்றாள்.

மாப்பிள்ளை, அன்றிலிருந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அவள் பஸ்ஸில் போகிறாள், நான் காரில் பின்னாலேயே போகிறேன். வீட்டில் எனக்கு வேறு வேலை இல்லை. பஸ் நிற்கிற இடமெல்லாம் நானும் நிற்கிறேன். கண்டக்டர் மாரிசாமி ஒரு நாள் இறங்கி வந்து, "அண்ணாச்சி, பஸ்ல எடம் கெடக்கு, ஏறிக்கிடுங்களேன்" என்றான். அவள் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து சீட் காலியாக ஒரு காரை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் லாரி மெக்கானிக் பேச்சிமுத்துவிடம் விட்டேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "காத்து எம்புட்டு வச்சிருக்கீய?" என்றார். தெரியாது என்றேன். அளந்து பார்த்தால் முன்னால் இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் வேறொரு அளவு, பின்னால் இரண்டிலும் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. "மொதல்ல வளைவுல நழுவுச்சுன்னியளே, அன்னைக்குக் காத்தப் பாத்தியளா?" என்றார். பார்க்கவில்லை. பழைய வீலையே மாட்டி, அதே அளவில் நல்ல டயர் போட்டு, புது ஸ்பிரிங் வைத்து, வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, ஸ்கேலால் அளந்து முன்சக்கரத்தை நேராக்கினார். ஒரே மத்தியானம். இப்போது கையை எடுத்தாலும் கார் கோடு போட்டதுபோல் போகிறது. ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன். "நல்லது" என்றாள். மறுநாளும் பஸ்ஸுக்குத்தான் போனாள்.

ஆகவே கார் சரியாகிவிட்டது, எனக்குத்தான் அது வேண்டாம். வருகிற ஞாயிறு வந்து எடுத்துப் போ. நான் மறுபடி ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறேன், அதில் டயர் இரண்டுதான். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உன் மனைவிக்கு எங்கள் இருவரின் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சோலைராஜ்

பின்குறிப்பு (24.8.1999): நீ வர வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பள்ளி பக்கத்துத் தபால் பெட்டியில் போடச் சொல்லி நேற்று அக்காவிடம் கொடுத்தேன். கவரை ஒட்ட மறந்துவிட்டேன். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "கார்ல எனக்கு என்ன கொற? அது மேட்டுல ஏறி உக்காந்த அன்னைக்குக்கூட எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நீங்கதான் ஏறுன எடத்துலேருந்து எறங்குற வரைக்கும் டயரு, ரிம்மு, கேம்பருன்னு விடாமப் பேசுறிய. பஸ்ல செத்த நேரம் சும்மா இருக்கலாம்னு போனேன்" என்றாள். அதை அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்ல எங்க எடம் விட்டிய?" என்றாள். இன்று காலை காரில் ஏறினாள். பதினோரு கிலோமீட்டரும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள், அதில் பாதி எனக்குப் புதிது. மடவார் வளாகம் தாண்டும்போது முன்பக்கம் இடது சக்கரத்தில் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டது, பேரிங் என்று நினைக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. நீ பதில் எழுதும்போது அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் பேச்சிமுத்துவின் விலாசத்துக்கு எழுது.