மடைப்பள்ளி பக்தர்

கோயிலுக்குப் போகிறவர்களில் கண்ணால் கும்பிடுகிறவர்கள் உண்டு, வாயால் கும்பிடுகிறவர்கள் உண்டு. மூக்கால் கும்பிடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? கோபுர வாசலில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்போது இவர் மட்டும் கண்ணை மூடி நிற்பார். தியானம் என்று நினைத்துவிடாதீர்கள். மடைப்பள்ளியில் இன்றைக்கு நெய் தாராளமா, கஞ்சமா என்று மோப்பம் பிடிக்கிறார்.

நம்முடைய ஆள் கடை கடையாகத் தராசு சோதித்து ஓய்வுபெற்றவர். ஆயிரம் வருஷக் கோயிலின் சிற்பத் தூண்களெல்லாம் அவருக்குப் பிரசாத வரிசையின் அடையாளங்கள். யானைத் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றால் சூடும் முந்திரியும் நிச்சயம், குதிரைத் தூணுக்கு அப்பால் என்றால் அண்டாவைச் சுரண்டிய மிச்சம்தான், சிவப்புத் துண்டுக்காரர் பரிமாறினால் கை தாராளம், கண்ணாடிக்காரர் என்றால் கரண்டியைத் தட்டித் தட்டி வைப்பார் என்று விரல் நுனியில் வைத்திருப்பார். சாமிக்கு இன்று என்ன அலங்காரம்? அது தெரியாது.

அன்றைக்கு மனைவியோடு வந்திருந்தார். மறுநாள் அவளுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றது தேறும் என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. அதற்குள் ஒரு தடவை சாமியைக் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

"என்னங்க, படையலுக்குத் திரை போட்டா அப்புறம் சாயங்காலம்தான் தரிசனமாம். நாலு மணிக்கு நாம ஆஸ்பத்திரியில சேர்ந்தாகணும்."

"சாமி எங்க ஓடிடப்போறாரு? நீ இந்த வரிசையில இடம் பிடிச்சு வை. இன்னைக்கு யாரு பரிமாறுறாங்கன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

போனார். அடுப்படியை எட்டிப் பார்த்தார். உப்பு சரியா என்று விசாரித்தார், விறகு ஈரமா என்று கவலைப்பட்டார், போன மாதத்துக் கரண்டி இதைவிடப் பெரிது என்று வாதாடினார். திரும்பி வந்தால் யானைத் தூணருகே மனைவியும் இல்லை, இடமும் இல்லை.

"அந்தம்மா சந்நிதிக்குப் போயிட்டாங்க சார். நீங்க பின்னால போங்க" என்றார் அந்த இடத்தில் நின்றவர்.

கண் சரியாகத் தெரியாதவளைத் தேடுவதா, வரிசையில் நிற்பதா? யோசித்தார். கொஞ்சம்தான் யோசித்தார். குதிரைத் தூணுக்கு அப்பால் போய் நின்றார்.

அவர் முறை வருவதற்குள் அண்டா காலி.

அப்போதுதான் அவள் தூண் தூணாகத் தடவிக்கொண்டு வந்தாள்.

"பார்த்துட்டேங்க! விளக்கு வெளிச்சத்துல முகம் முழுசா தெரிஞ்சுது. இனிமே எது நடந்தாலும் பரவாயில்ல. அர்ச்சகர் முதல் கவளத்தை என் கையிலயே வெச்சாரு."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்தார்.

"சூடா இருக்கா?"

அவள் கையை நீட்டினாள். வாங்கித் தின்றார், பாவி மனுஷன்.

பல்லைக் கடிக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரம் என்னோடு இந்தக் கோயிலைச் சுற்றினீர்களே, அண்டாவில் என்ன பிரசாதம் என்று ஒரு நொடியாவது நினைத்தீர்கள், இல்லையா? அவள் பார்த்த சாமி எந்தச் சாமி என்று கேட்கத் தோன்றியதா?

சரி, சரி. தள்ளாமல் நில்லுங்கள். உங்கள் இடம் குதிரைத் தூணுக்கு அப்பால்.